உலகம் முடியும் வாரத்தில் ஆர்டெல்லாவின் பார்லர்

சனிக்கிழமை நண்பகலோடு உலகம் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்த அந்த வாரம், எங்கள் ஊரில் மூச்சுவிட நேரமில்லாமல் நடந்த தொழில் ஒன்றே ஒன்றுதான்: ஆர்டெல்லா ஸ்பாக்மேனின் பியூட்டி பார்லர்.

பார்லர் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. வீட்டை ஒட்டி கார் நிறுத்தும் கொட்டகையைப் பலகை அடித்து மூடி, இரண்டு நாற்காலியும் இரண்டு டிரையரும் போட்டிருந்தாள். வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை நான் அங்கே போய்த் தலையைக் கொடுத்துவிட்டு உட்காருவேன். அந்த வாரம் செவ்வாயன்று போனால் வாசல் வரைக்கும் வரிசை. மருந்துக் கடைக்காரர் மனைவி, பள்ளிச் சமையற்காரி, பண்ணை வீட்டு விதவை பெர்னீஸ் என்று எல்லோரும் வந்திருந்தார்கள்.

"உலகமே அழியப்போவுது, உனக்குச் சுருள் முடி கேக்குதா?" என்று பெர்னீஸிடம் கேட்டேன்.

"ஏண்டி ஜோலீன், வேற கிரகத்துக்காரங்க முதல் தடவையா மனுசியப் பாக்கறாங்க. தலைவிரிகோலமா போய் நிக்கச் சொல்றியா?"

ஆர்டெல்லா வாயில் கொண்டை ஊசிகளைக் கவ்வியபடியே சிரித்தாள். அவளால் அப்படிச் சிரிக்கவும் முடியும், பேசவும் முடியும். நெட்டையான பெண். உரத்த குரல். காலையில் எழுந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபிக்குத் தண்ணீர் வைப்பாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இருந்த ஆர்வம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட இல்லை. அந்தக் கிரகத்தில் மழை பெய்யுமா, அங்கே இருப்பவர்களுக்குக் காது உண்டா, குழந்தை பிறந்தால் இனிப்பு கொடுப்பார்களா என்று ஒவ்வொரு தலையிலும் ஒரு கேள்வியைச் சுருட்டி வைத்து அனுப்புவாள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் பிரதர் தர்லோ. எங்கள் ஊர் அரிசோனா மாநிலத்தின் வடக்கு ஓரம்; எல்லை வேலியைத் தாண்டி யூட்டா மாநிலத்துப் பக்கம் டிரெய்லர் வீட்டில் குடியிருந்தவர். ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். இரண்டு ரேடியோ ஸ்டேஷன்களுக்கு நடுவே வரும் இரைச்சலில் அவருக்கு மட்டும் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பேசுவது கேட்கும். சூரியன் கொப்பளித்துப் பூமியைப் பொசுக்கப்போகிறது, அதற்கு முன் வானத்திலிருந்து ஒரு கப்பல் வந்து, ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் வட்டம் போட்டு அதற்குள் நிற்பவர்களை ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். பணம் எதுவும் அவர் கேட்கவில்லை. முடி வெட்டிக்கொண்டால் அதற்கான காசைக்கூட எண்ணி வைத்துவிட்டுப் போகிற மனிதர். அதனால்தான் பாதி ஊர் நம்பியது. மீதிப் பாதி நம்பாவிட்டாலும் தலையைச் சீவிக்கொண்டது.

ஆர்டெல்லாவுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் மனசு உடைந்தது. கப்பல்காரர்களின் தோற்றத்தை அவரிடம் துருவித் துருவிக் கேட்டபோது, "முட்டை மாதிரி வழவழன்னு இருப்பாங்க சிஸ்டர், ஒரு முடி கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு அவள் கணவன் லாமார் சமையலறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "முடியே இல்லாத ஊருக்கு முடி வெட்டறவளக் கூட்டிட்டுப் போறாங்களாம்! ஏன், போற வழியில அவங்களுக்குப் பேச்சுத் துணைக்கா?"

"நம்ம ஊர்க்காரங்களும்தானே அங்க வர்றாங்க? அவங்களுக்கு முடி வளராதா?" என்றாள் ஆர்டெல்லா. "நீ வா. உனக்கும் வெட்டி விடறேன்."

"எனக்கு இங்கயே வெட்டு. சனிக்கிழமை எனக்கு அரை ஷிஃப்ட் இருக்கு."

இதுதான் அந்த வாரம் முழுவதும் அவர்களுக்குள் நடந்த சண்டை. லாமார் யூட்டா பக்கக் கல் உடைக்கும் குவாரியில் வேலை பார்த்தான். குட்டை, அகலத் தோள், வீட்டில் எந்தக் குழாய் சொட்டினாலும் அதன் முன்னால் போய்க் குந்திக்கொள்கிற ஆள். அவளை அவன் தடுக்கவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொன்னான். அவளுக்கோ அது போதவில்லை.

செவ்வாயன்று வராத என் முறை வியாழக்கிழமைதான் வந்தது. ஆர்டெல்லா என் பின்னந்தலையில் சீப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கல்யாணமான புதுசுல ஒருநாள் பொழுது சாயற நேரம், நான்தான் வண்டி ஓட்டறேன். பாறைக்கு மேல ஒரு வெளிச்சம். நின்னுச்சு, சாஞ்சுச்சு, சர்ருன்னு போயிருச்சு. பக்கத்து சீட்டுல இவன் குறட்டை விட்டுட்டிருக்கான். உலுக்கறேன், கிள்றேன், எழுந்திருக்கல. இருபத்திரெண்டு வருசமா நான் கனவு கண்டேங்கறான். தூங்குனது அவன், கனவு கண்டது நானாம்!"

"அதுக்காக?"

"அதுக்காக இல்லடி." சீப்பு மறுபடி நகர்ந்தது. "வெளிச்சம் போச்சுன்னா போகட்டும். கப்பல் வந்து நான் ஏறறப்போ இவன் குழாய் முன்னாடி குந்திக்கிட்டிருந்தா என்ன பண்ணுவேன்? ஏறாமயும் இருக்க முடியாது. இவன விட்டுட்டு ஏறவும் மனசு வராது. அவன் வரணும், அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை மேட்டுக்குப் போனால் திருவிழாக் கூட்டம். குடை, மடக்கு நாற்காலி, உருளைக்கிழங்கு சாலட், ஜெல்லி, மூடி போட்ட பாத்திரங்கள். எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு எங்கேயும் போகமாட்டார்கள். நடுவே உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் மைதானத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம். வட்டத்துக்குள் நின்ற பெண்களின் தலைகளை ஆர்டெல்லா ஒரு சுற்று பார்த்தாள். எல்லாம் அவள் கைவேலை. காற்றில் ஒரு முடி அசையவில்லை.

"என் ஸ்ப்ரே நெருப்பையே தாங்கும் போல," என்றாள். அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

பிரதர் தர்லோ கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். நம்பாமல் வேடிக்கை பார்க்க வந்த நான்கூடத் தொண்டை கிழியக் கத்தினேன். பன்னிரண்டு!

வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு காக்கை பறந்தது. எங்கேயோ ஒரு குழந்தை ஜெல்லி வேண்டும் என்று அழுதது. தர்லோவின் முகம் மெல்ல மெல்ல வெளிறியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது பெர்னீஸ் மணிக்கட்டை நீட்டினாள். "என்ன பிரதர், எனக்குப் பதினொண்ணுதான் ஆகுது!"

கோடைக்காலத்தில் யூட்டாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வார்கள். அரிசோனாவில் நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். வேலிக்கு இருபுறமும் எங்கள் பிழைப்பே 'உன் நேரமா, என் நேரமா' என்று கேட்டுக் கேட்டுத்தான் நடக்கிறது. பல் டாக்டரைப் பார்க்க, சர்ச்சுக்குப் போக, சவ அடக்கத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் கேட்போம். உலகம் முடிவதற்கு மட்டும் கேட்க மறந்துவிட்டோம்.

"எந்த நேரம்னு அவங்க சொன்னாங்க?" என்று ஆர்டெல்லா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பன்னிரண்டுன்னு மட்டும்தான் சிஸ்டர் சொன்னாங்க."

"இந்த மேடு அரிசோனா மண்ணு! எங்க மண்ணுல இறங்கறவங்க எங்க நேரத்துக்குத்தானே வருவாங்க!"

கூட்டம் ஓவென்று கத்தியது. தொப்பிகள் பறந்தன. வாழ ஒரு மணி நேரம் அதிகமாகக் கிடைத்த சந்தோஷமா, கப்பல் இன்னும் வரலாம் என்ற சந்தோஷமா, சொல்லத் தெரியவில்லை. யாரோ உருளைக்கிழங்கு சாலட்டின் மூடியைத் திறந்தார்கள்.

அந்த அமளியிலேயே அரை மணி போன பிறகுதான் லாமாரின் டிரக் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அரை ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வந்திருக்கிறான். அவன் கடிகாரத்தில் பன்னிரண்டு எப்போதோ தாண்டிவிட்டது. அழுதுகொண்டிருக்கும் மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போகிற முகத்தோடு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தான்.

"முடிஞ்சிருச்சுல்ல ஆர்டி? வா, போலாம்."

"எங்க முடிஞ்சுது? உன் நேரத்துக்குத்தான் முடிஞ்சிருக்கு. என் நேரத்துக்கு இன்னும் அரை மணி இருக்கு." அவள் முகம் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. "நல்லவேளை வந்தே. உள்ள வா."

லாமார் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றான். பூட்ஸ் நுனி கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டான்.

"நான் இங்கயே நிக்கறேன்."

"கப்பல் வந்தா?"

"வந்தா ஏறிக்கோ."

"நீ என்ன சாப்பிடுவே?"

"பீன்ஸ் டின்னு இருக்கு."

"எல்லாம் பொசுங்கப்போவுது, டின்னு மட்டும் இருக்குமா?" என்றவள் சட்டென்று குரலைத் தணித்தாள். "லாமார், நான் விளையாட்டுக்குச் சொல்லல. வந்துச்சுன்னா நான் போயிருவேன். இருபத்திரெண்டு வருசம் காத்திருக்கேன். நிஜமாவே போயிருவேன்."

லாமார் அவள் தலையையும் கழுத்தில் கட்டியிருந்த பச்சை ஸ்கார்ஃபையும் பார்த்தான். பிறகு டிரக்குக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியின் கால்படியில் உட்கார்ந்தான். அங்கிருந்தும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முறை எண்ணும்போது குரல்கள் முன்னைவிட உரக்க எழுந்தன. எண்ணி முடிக்கவில்லை, பெர்னீஸ் அலறினாள்.

"அதோ! அதோ!"

தெற்கே, பாறைத் திட்டுக்கு மேலே, வெள்ளிபோல ஒன்று. உருண்டையாக, பெரிதாக, சத்தமே இல்லாமல். வெயில் பட்டு அது மின்னியதும் மேட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே தொண்டையாகக் கத்தினோம். நாற்காலிகள் சரிந்தன. தர்லோ முழங்காலிட்டார். பொய் சொல்லமாட்டேன், வட்டத்துக்குள் ஓடியவர்களில் நானும் ஒருத்தி. ஆர்டெல்லா மட்டும் ஓடவில்லை, கத்தவில்லை. இரண்டு கைகளையும் மேலே நீட்டியபடி கால்விரல் நுனியில் எக்கி நின்றாள். ஆனால் அவள் திரும்பிப் பார்த்தது டிரக்கை.

டிரக்கில் ஆள் இல்லை.

லாமார் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஜெல்லிப் பாத்திரத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி வந்து அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தான். மூச்சு இரைத்தது. "ஆர்டி, ஆர்டி" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அந்த வெள்ளி உருண்டை எங்கள் தலைக்கு மேலே நிதானமாக வந்தது, நிதானமாகவே கடந்தது. கீழே ஒரு கயிறும் சின்னப் பெட்டியும் தொங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. வானிலை பார்க்க விடுகிற பலூன். அது வடக்கே மிதந்து யூட்டாவுக்குள் போவதை எல்லோரும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ முதலில் சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். தர்லோவைக் கைகொடுத்துத் தூக்கி ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தட்டில் சாலட் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆர்டெல்லாவுக்கு ஏமாற்றம் இல்லை என்று நான் எழுதினால் அது பொய். வடக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் முழங்கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு அவனுடைய மற்றொரு கையைப் பார்த்தாள். அதில் அவன் டிபன் பெட்டி இருந்தது.

"இதை எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

லாமாரும் அதை அப்போதுதான் பார்த்தான். "எது?"

"என்னை வெளிய இழுத்துட்டுப் போக வந்தவன் சாப்பாட்டுப் பெட்டியோட வருவானா?"

"கையில இருந்துச்சு, வந்துருச்சு."

"தொப்பிய விட்டுட்டே. டிரக் சாவிய விட்டுட்டே. சாப்பாடு மட்டும் வந்துச்சா?"

பெர்னீஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவள் சுருள் முடி முதன்முறையாகக் கலைந்தது. லாமாரின் காது வரைக்கும் சிவப்பு ஏறியது.

அதற்குப் பிறகும் தர்லோ வேறு நாட்களைச் சொன்னார். ஆர்டெல்லா சிலவற்றுக்குப் போனாள், சிலவற்றுக்குத் தலை நிறைய வேலை இருந்ததால் போகவில்லை. வானத்தைப் பார்ப்பதை அவள் விடவில்லை. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை என் கழுத்தில் கட்டிக்கொண்டே குனிந்து காதோரம் கேட்டாள்:

"அவன் உள்ள வந்தான், நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"ரெண்டு காலும்?"

"ரெண்டு காலும்தாண்டி."

சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறைக் குழாயின் அடியிலிருந்து லாமாரின் குரல் வந்தது: "உன்ன வெளிய இழுத்துட்டு வரத்தான் உள்ள போனேன்!"

ஆர்டெல்லா டிரையரை முழு வேகத்தில் போட்டுவிட்டாள்.