கூட்டத்தை விட்ட வாத்து

அறுவடையான எங்கள் வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டம் நேற்று கிளம்பிவிட்டது. பச்சைத் தலை ஆண் வாத்து ஒன்று மட்டும் வாய்க்காலில் விடுபட்டுவிட்டது.

வாத்து மேய்க்கிற அக்காவுக்கு போன் செய்தேன்.
"ஒண்ணுதானே, நீங்களே வச்சுக்குங்க."

எனக்கும் ஆசைதான். கணவர் சிங்கப்பூர் போனதிலிருந்து வீட்டில் நான் மட்டும்தான். ஆனால் வைத்த நெல்லைத் தொடாமல் அது கத்திக்கொண்டே இருந்தது.

இன்று காலை அதைக் கூடையில் வைத்து, கூட்டம் போயிருந்த ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினேன்.
"தனியாவா போறீங்க?" என்றார் கண்டக்டர்.
"போறப்போ ரெண்டு பேருங்க. வர்றப்போதான் தனியா."

கூட்டத்தைக் கண்டதும் ஒரே ஓட்டம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கூப்பிட்டேன்.
"டூட்டில இருக்கேன், அப்புறம் பேசுறேம்மா."

யாரிடமாவது சொல்லணுமே, அதான் இங்கே எழுதிட்டேன். படிச்சவங்க ஒரு 'க்வாக்' போட்டுட்டுப் போங்க.