செவ்வாயில் வெடித்த அறை

எதிர்காலம் தெரிந்த ஒருவர் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருக்கிறார் என்று நான் முழுசாக நம்பியிருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, மீசையும் இருந்தது. அறியாப் பருவம் என்று தப்பிக்க வழியில்லை.

நேற்று விருதுநகர் பஸ் நிலையத்தில், ஒருகாலத்தில் மாத நாவல்கள் தொங்கிய கடையில் செல்போன் உறைகள் தொங்குவதைப் பார்த்ததும் அவர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் மாத நாவலும் எழுதினார்: வாரம் முழுக்க ஆலை, ஞாயிற்றுக்கிழமை விண்வெளி. அவருடைய வேற்றுக்கிரகவாசிகள் காராச்சேவு தின்றுகொண்டே பூமியைப் பிடிக்கத் திட்டம் போடுவார்கள். சிவகாசியில் நான் பிழை திருத்திய அச்சகத்தில்தான் அந்த நாவல்கள் அச்சாகும். ராக்கெட் வெடிப் பெட்டிக்கு வரைந்த படத்தையே நாவலுக்கும் அட்டையாகப் போட்டுவிடுவோம். ஒருநாளும் அவர் கோபித்ததில்லை.

ஒரு நாவலில் ஐப்பசியில் பெருமழை என்று எழுதினார், பெய்தது. ஐப்பசி மழையை அதிசயமாகக் கண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த வருஷம் வந்த ஒரு நாவலின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தேன். செவ்வாய்க் கிரகத்தில் வெடிமருந்து அடைக்கும் அறை ஒன்று வெள்ளிக்கிழமை மத்தியானம் வெடிக்கிறது. சுவரில் பச்சைக் கோடு, வாசலில் வேப்பமரம். அந்தக் கோடும் மரமும் அவருடைய ஆலையில் என் அக்கா வேலை பார்த்த அறையின் அடையாளங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நெஞ்சுவலி என்று படுத்து அக்காவைப் போகவிடாமல் செய்தேன். மூன்று தம்ளர் கஷாயம் குடித்ததுதான் மிச்சம். எதுவும் வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய், சரியான தேதி என்னவென்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏலே, நான் என்ன ஜோசியக்காரனா? நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல ஒம்பது பேர உக்கார வச்சிருக்காக. கேட்டா சீசன்ங்காக. மூணு தடவ சொல்லிப் பாத்துட்டேன். கதையா எழுதினா படிச்சாவது பாப்பாகன்னு நெனச்சேன்."

"எங்கக்காவ என்னண்ணே செய்ய?"

"நாளையிலேருந்து லேபிள் ஒட்டுற பக்கம் மாத்தியிருக்கேன். மத்த எட்டுப் பேர எங்கனலே மாத்த?"

நாவல் வெளிவந்தது. ஆலை முதலாளி படித்தார். எழுதிய ஃபோர்மேனை வேலையை விட்டு நிறுத்தினார். அறையை அப்படியே விட்டுவிட்டார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலையில், அந்த அறை வெடித்தது. ஆறு பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.