அம்மா படத்துக்கு விழுந்த மாலை

என் தம்பி ஓவியன். இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள், "அது சரி, வேலை?" என்று கேட்பார்கள். அவன் படங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் கேலரிகளில் மாட்டப்படுகின்றன என்று நானும் விடாமல் சொல்வேன். அந்தப் படங்களில் பாதி எனக்குப் புரிவதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். தம்பியை யாராவது மட்டம் தட்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனை மட்டம் தட்டுகிற உரிமை வீட்டில் அக்காவான எனக்கு மட்டும்தான்.

அவன் அம்மாவை வரைந்த படம் எனக்கே புரிந்தது. சிங்கப்பூரில், மார்சிலிங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வெளியே, காரிடாரில், பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. நைட்டி, தோளில் துண்டு, கையில் பாதி உரித்த வெங்காயம். ஆளைவிடப் பெரிய படம். அதைப் போனில் பார்த்துவிட்டு அம்மா தம்பியைப் பிடிபிடி என்று பிடித்தாள்.

"ஊர் ஊரா என்னைய நைட்டியிலயாடா காட்டப்போறே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேலை கட்டியிருப்பேன்ல?"

நைட்டி ஒரு சாக்கு. எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் ஆல்பத்தில் இருப்பார்கள், போனவர்கள் சுவரில் இருப்பார்கள். அப்பா சுவரில் இருக்கிறார். தன்னையும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்போகிறார்கள் என்பதுதான் அம்மாவை உறுத்தியது.

கண்காட்சி முதலில் சென்னையில் நடந்தது. அங்கே ஒருவர் தம்பியின் தோளைத் தட்டி, "அம்மா எப்பப்பா தவறினாங்க?" என்று கேட்டாராம். தம்பி அதைச் சிரித்துக்கொண்டே போனில் சொன்னான். அம்மா காதில் போட்டால் காலை உடைப்பேன் என்று அதட்டி வைத்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும், தள்ளிப் போட்டால் ஆபத்து என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். அம்மா சகுனம் பார்த்தே தப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை பையோடு கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரம்மா, "எங்கக்கா போறீங்க?" என்று கேட்டுவிட்டார். போகும்போது எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்குமா? அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த தடவை லிஃப்ட் நின்றுவிட்டது. கெஞ்சி, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, கடைசியில் ஒரு தேதிக்குச் சம்மதிக்க வைத்தேன். அந்தத் தேதிக்கு முந்தைய வாரம்தான் தம்பியின் கண்காட்சி சிங்கப்பூரில் தொடங்கியது. இன்னொரு சகுனம் மட்டும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தஞ்சோங் பகார் பக்கம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் கேலரி. சொந்த ஊரில் தம்பியின் முதல் கண்காட்சி, வெறுங்கையோடா போவது? அவன் கழுத்தில் போட லிட்டில் இந்தியாவில் நல்ல கனமான ரோஜா மாலையாக வாங்கிக்கொண்டு முன்னதாகவே போய்விட்டேன். தம்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். வாசல் மேசையில் இருந்த சீனப் பெண்ணிடம் மாலையைக் கொடுத்து, "வச்சிரும்மா, வந்துடுறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, டாக்சியில் வந்திறங்கிய அம்மாவை அழைத்துவரக் கீழே போனேன்.

மேலே வந்தால், மாலை அம்மா படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டென்று அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். ஆளைவிடப் பெரிய படத்தை நான் எங்கே மறைப்பது?

"தள்ளு" என்றாள் அம்மா.

அந்தப் பெண் மலர்ந்த முகத்தோடு ஓடி வந்தாள். லிட்டில் இந்தியாவில் அவள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் முதலாளியின் அப்பா படத்துக்கு இப்படித்தான் மாலை போட்டிருப்பார்களாம். பெரியவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை எவ்வளவு அழகு என்றாள். அவளை என்னவென்று திட்டுவது? தம்பி முகம் வெளுத்துப்போய் மாலையை எடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதடா."

அம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெங்காயத்தைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். போச்சு, ஆபரேஷன் போச்சு என்று நான் நின்றேன். இவள் இனி ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாள், நானும் தம்பியும் இவளைச் சுவரில்தான் பார்க்கப்போகிறோம் என்று தோன்றியது.

அம்மா அந்தச் சீனப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களிடம் சொன்னாள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. மாலை விழவேண்டிய நேரம் போலருக்கு, விழுந்துடுச்சு. எனக்கு விழல, படத்துல இருக்கிற இவளுக்கு விழுந்துச்சு. எமன் வந்தாலும், அட, இந்தப் பொம்பளை கணக்கு முடிஞ்சதுன்னு திரும்பிப் போயிருவான் லா."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு..." என்று இழுத்தேன்.

"வர்றேன். ஆனா நான் வீடு திரும்புற வரைக்கும் இவ கழுத்துல மாலை வாடக் கூடாது. தெனம் புதுசு போடுங்க."

சொல்லிவிட்டு, தின்னக் கறிபஃப் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

கேலரியில் பச்சைப் பூ கூடாதாம், பூச்சி வரும், படம் கெட்டுப்போகும். தம்பி அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் செய்ததற்கு எங்களில் என்ன அர்த்தம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு, "எங்கம்மாவும் ரொம்ப பந்தாங்" என்றாள். சகுனத்துக்கும் தீட்டுக்கும் அஞ்சுகிறவர்களை இங்கே எல்லா இனத்தாரும் சொல்லும் மலாய் வார்த்தை அது. மேலிடத்தில் அவளே பேசி, படத்தில் படாமல் ஒரு சாண் முன்னால் மாலை தொங்கும்படி கூரையிலிருந்து நைலான் நரம்பு கட்டிக் கொடுத்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நான் ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயில் பிடித்து, லிட்டில் இந்தியாவில் இறங்கி மாலை வாங்கி, கேலரி திறந்ததும் மாட்டிவிட்டு அம்மாவிடம் போவேன். பூக்கடைக்காரர் ஒருநாள், "எந்தச் சாமிக்குங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா படத்துக்கு."

"அடடா, எப்ப தவறினாங்க?"

"தவறல. ஆஸ்பத்திரியில இட்லி நல்லால்லைன்னு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாலையைப் பையில் போட்டார்.

ஆபரேஷன் அன்று அம்மாவை உள்ளே கொண்டுபோகும்வரை கூட இருந்தேன். தம்பியை வாசலில் உட்கார வைத்துவிட்டு மாலையோடு கேலரிக்கு ஓடினேன். நான் சகுனம் பார்க்காதவள். சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவள். அன்று அந்த மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். படத்திலிருந்தவளிடம், "நீயே வாங்கிக்கம்மா, எமன்கிட்ட அவளை விட்டுரச் சொல்லு" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாள் வந்து என் முதுகைத் தடவினார்.

"அழாதம்மா. எல்லாரும் ஒருநாள் போறவங்கதான். நல்ல சாவுதானே?"

எங்கம்மா உயிரோடதான் இருக்காங்க என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிமிடம் அது நிஜமா என்று எனக்கே தெரியாது. முன்பின் தெரியாத அந்த அம்மாள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நாளில், "மொதல்ல அங்க போ" என்றாள் அம்மா. கேலரியில் படங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மெல்பர்ன் போகும் மரப்பெட்டிகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. அம்மா படம் மட்டும் இன்னும் சுவரில் இருந்தது, காலையில் நான் போட்ட மாலையோடு.

சக்கர நாற்காலியைத் தம்பி கிட்டத்தில் தள்ளிக்கொண்டு போனான். நெஞ்சில் கையை வைத்தபடி அம்மா ரொம்ப நேரம் படத்தையே பார்த்தாள். இந்தத் தடவை நைட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது.

"பாவம்டா, எனக்காக இத்தனை நாளா செத்துக் கெடந்திருக்கா" என்றாள். "கழட்டிடு. அவளும் பொழைச்சுப் போகட்டும்."