வாழாவெட்டிக் கல்

பொன்மலைக்குப் போகிற வழியில், எங்கள் தெருமுனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. அதற்குப் பேர் வைத்தவள் நான்தான். ரங்கநாதர் சாட்சியாகச் சொல்கிறேன்.

எதிர்வீட்டுக்காரியின் புருஷன் ஒருநாள் சைக்கிளில் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. மன்னார்புரத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்பது தெருவுக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஷிப்டு விடுகிற நேரத்துக்குத் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு, அந்தக் கல்லில் வந்து உட்காருவாள்.

ஷேர் ஆட்டோவில் ஒருநாள், "எங்கம்மா நிறுத்தணும்?" என்று கேட்டார் டிரைவர்.

"அந்த வாழாவெட்டிக் கல்லுகிட்ட நிறுத்துங்க" என்றேன். வண்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கும் குஷிதான்.

பேர் ஒட்டிக்கொண்டது. பிறகொரு நாள் அவளும் நானும் ஒரே ஆட்டோவில் வந்தோம். "கல்லுகிட்ட இறங்கணுங்க" என்றாள்.

"எந்தக் கல்லும்மா?" டிரைவர் தெரியாமலா கேட்டார்?

வண்டி தெருமுனையைத் தாண்டப் போனது. அவள் அந்தப் பேரைச் சொல்லித்தான் இறங்கினாள். அப்புறம் அவள் கல்லில் உட்காரவே இல்லை.

எனக்கு மனசு உறுத்தியது. பரிகாரமாக இருக்கட்டும் என்று ஒரு ஆடி வெள்ளியில் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தேன். மற்றவர்களும் பூ போட ஆரம்பித்தார்கள். குடிவந்த புதுசுகள் கதை கேட்டபோது, புருஷனுக்காகக் காத்திருந்த ஒரு மகராசி கல்லாகிவிட்டாள் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. இப்போது அது காத்திருந்த அம்மன்.

போன ஆடியில் எதிர்வீட்டுக்காரியும் ஒரு முழம் மல்லிகையோடு வந்து நின்றாள். குங்குமத் தட்டு என் கையில் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, சுமங்கலிங்க வாங்கிக்கட்டும்" என்று அவளிடம் சொன்னாள் புதிதாகக் குடிவந்த பெண்.

"நானும் சுமங்கலிதாங்க. அவரு நல்லாத்தான் இருக்காரு."

"இருக்காரு, இருக்காரு. மன்னார்புரத்துல!" என்றாள் பின்னால் ஒருத்தி. சிரிப்பு.

எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. இது யாரு உக்காந்த கல்லு?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மன் உக்காந்த கல்லும்மா" என்றேன்.

அவள் பூவைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அடுத்தவளிடம் தட்டை நீட்டினேன்.