நீலவேணிக்குக் கொடுத்த டீ

அந்தக் குதிரைக்கு ஊக்கமருந்து கொடுத்தவன் நான்தான். செங்கல்வராயன் இல்லை. அவன் மைத்துனர் முனிரத்தினமும் இல்லை. நான்!

மருந்து என்றதும் ஊசியையும் சீசாவையும் தேடாதீர்கள். டீ... கெட்டியாகக் கொதிக்கவைத்து, வெல்லம் தட்டிப்போட்டு ஆறவைத்த அரை வாளி டீ.

நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை. புத்தூர்ப் பக்கத்திலிருந்து நானும் செங்கல்வராயனும் பட்டணத்துக்குப் போய்ப் பந்தயக் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு குதிரை. தேய்ப்பது, குளிப்பாட்டுவது, தீனி வைப்பது எல்லாம் அந்த ஆளே. செங்கல்வராயனுடையது நீலவேணி. பந்தயப் புத்தகத்தில் அவளுக்கு ஏதோ ஆங்கிலப் பெயர், எங்களுக்கு நீலவேணி.

பெரிய பந்தயத்தன்று அவள் தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். இந்த முறையும் தோற்றால் அவளை விற்றுவிடுவார்கள் என்ற கவலையில் செங்கல்வராயன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து வாளியை அவள் முன் வைத்தேன். நமக்குச் சோர்வு தெளிகிறதே, அவளுக்குத் தெளியாதா?... அவ்வளவுதான் என் விஞ்ஞானம்!

தெரியாமல் செய்தேனா? அதையும் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கு டீ, காபி கூடாது என்று லாயத்துச் சுவரிலேயே எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத செங்கல்வராயனுக்கு அதைப் படித்துக் காட்டியவனே நான்தான்.

நீலவேணி ஜெயித்தாள்!

ஜெயித்த குதிரையின் சிறுநீரைச் சோதனைக்கு எடுப்பார்கள். குதிரை நம் அவசரத்துக்குப் பெய்யுமா? அதன் ஆள் பக்கத்தில் நின்று விசிலடிக்க வேண்டும், அப்படித்தான் பழக்கியிருப்போம். செங்கல்வராயன் மார்பை நிமிர்த்திக்கொண்டு விசிலடித்தான். நான் வேலிக்கு வெளியே நின்று, பெய்யாதேடி... பெய்யாதேடி என்று ஏழுமலையானை வேண்டினேன். பெய்தாள். தனக்கு எதிரான சாட்சியைத் தானே விசிலடித்து வாங்கிக் கொடுத்தான், பாவி மனுஷன்!

சோதனையில் ஊக்கமருந்து அகப்பட்டது. வெற்றி பறிபோயிற்று. செங்கல்வராயனை எந்த லாயத்திலும் சேர்க்கக் கூடாது என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அவன் சந்தேகம் மனைவியின் அண்ணன் முனிரத்தினத்தின்மேல் விழுந்தது. அன்று காலையில் ஊரிலிருந்து ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்தவர் அவர். யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள், புல்லில் எதையோ கலந்துவிட்டார் என்று இவன் முடிவுகட்டினான். பேச்சு நின்றது. போக்குவரத்து நின்றது. அண்ணன் முகம் பார்க்காமலே செங்கல்வராயன் மனைவி போய்ச்சேர்ந்தாள். அந்தப் பாடைக்கும் நான் தோள் கொடுத்தேன்...

இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜில் காவல் பார்க்கிறேன். செங்கல்வராயன் பாகாலாவிலிருந்து மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க வருவான். ஏன் தெரியுமா?

"ஊரே என்ன திருடன்னுச்சு. நீ ஒருத்தன்தாண்டா நம்புன" என்பான்.

நம்பாமல் எப்படி? எனக்குத்தான் தெரியுமே!

போன செவ்வாய்க்கிழமை வந்தான். முனிரத்தினம் சித்தூர் ஆஸ்பத்திரியில் வாய்பேச முடியாமல் கிடக்கிறாராம். அவர் மகள் போன் செய்திருக்கிறாள்.

"'எங்க நைனா உங்க கல்யாண போட்டோவையே காட்டிக்கினு கீறாரு, ஒருவாட்டி வாங்க மாமா'ன்னு அழுவுது. போவட்டா குப்பா? அவன் பண்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, இப்பவே பஸ் ஏறுறேன்."

ஒரே ஒரு வார்த்தை... நாக்கு நுனியில் வந்து நின்றது.

"போய் மன்னிச்சிட்டு வாடா" என்றேன்.

கேட்டீர்களா? என் குற்றத்துக்கு அவரை மன்னிக்கச் சொன்னேன்!

வியாழக்கிழமை திரும்பி வந்தான். முகமே மாறியிருந்தது.

"கைய புட்ச்சிக்கினு, 'மச்சான், அந்த புல்லு வெவகாரத்த மன்னிச்சிட்டேன்'னேன். தலைய தலைய ஆட்டிக்கினு ஓன்னு அழுதாண்டா. ஒத்துக்கினான்! நாப்பது வருசம் கயிச்சி ஒத்துக்கினான்!"

சந்தோஷத்தில் என்னை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"எனக்கு டீ. இவனுக்குப் பால் குடுப்பா. வயித்துப் புண்ணுக்காரன், டீயக் கண்டாலே மூஞ்சி குதிர மாதிரி நீண்டுக்கும்!"

வயிற்றுப்புண் என்று நான் சொன்னதை இத்தனை வருடமும் நம்புகிறான்.

வாய் பேச முடியாத மனிதர் எதற்காகத் தலையை ஆட்டினார், எதற்காக அழுதார்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது. அவனுக்கு மட்டும்... சொன்னால், இப்போதுதான் கிடைத்த அவன் நிம்மதியை நானே பிடுங்க வேண்டும். அவனுக்கு இருக்கும் ஒரே சிநேகிதனையும் சேர்த்து. சொல்லாவிட்டால் அந்த மனிதர் கள்ளனாகவே கண்ணை மூடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த லாயத்துச் சுவர்!

முனிரத்தினம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறதாம்.

இன்று காலை திருப்பதி பேருந்து நிலையம்வரை போனேன். சித்தூர் வண்டி நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்தே "சித்தூர், சித்தூர்" என்று கூவினார். படியில் ஒரு காலை வைத்தேன்... எடுத்துவிட்டேன். வண்டி போயிற்று.

ஷேர் ஆட்டோ பிடித்துத் திருச்சானூருக்கே திரும்பிவிட்டேன்.