டாக்னியின் வகிடும் ஒரு வைக்கோல் தொப்பியும்

டாக்னி டெல்லெஃப்சனுக்கு முப்பத்தொரு வருடங்களாக இடது பக்கம்தான் வகிடு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற வகிடு, அதற்கு இரண்டு பக்கமும் கோதுமை நிறத்தில் எழும்பி நிற்கும் முடி. துறைமுகத்துக்கு மேலே இரண்டாவது தெருவில் இருந்த அவளுடைய சலூனுக்குப் பெயர்ப்பலகை சின்னதுதான். அவள் தலைதான் விளம்பரம். காலை எட்டரைக்கு அவள் மீன்கடையைத் தாண்டி நடந்து போனால், எதிரே வருகிற பெண்களின் கை தானாகவே தங்கள் முடிக்குப் போகும். மத்தியானத்துக்குள் அவர்களில் ஒருத்தியாவது ஃபோன் செய்து நேரம் கேட்பாள்.

நார்வேயின் அந்தத் தென்கரையில் பிப்ரவரி பாதியில் வெயில் திரும்பி வந்ததும் ஒருவரும் வீட்டுக்குள் உட்கார மாட்டார்கள். தெற்குப் பார்த்த சுவராகத் தேடி நாற்காலி போட்டு, கையில் காபியோடு, கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள். டாக்னியும் சலூனின் பின்சுவரில் முதுகைச் சாய்த்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதையும் வருடா வருடம் அப்படித்தான் கழிப்பாள். மூக்குக்கு க்ரீம் தடவிக்கொள்வாள். வகிட்டுக்கு யார் தடவுகிறார்கள்?

அந்த வருடம் மார்ச்சில் சீப்பு ஒரே இடத்தில் மாட்ட ஆரம்பித்தது. ஆறாத ஒரு பொருக்கு. டாக்டர் பார்த்தார், வெட்டி எடுத்தார், பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"புற்றுதான். ஆனா முழுசா எடுத்தாச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல. இனிமே அந்த மண்டை மேல வெயில் படக் கூடாது. சுத்தியும் அகலமா விளிம்பு இருக்கற தொப்பி போடு."

"மே பதினேழுக்கு?"

"மே பதினேழுக்கு வெயில் லீவு போடறதில்லையே," என்றார் டாக்டர்.

அவள் அந்தத் தேதியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஊர்ப் பாட்டுக்குழுவில் பதினோரு வருடமாக மூன்றாவது வரிசையில் நின்று பாடுகிறாள். நார்வேயின் தேசிய நாளான மே பதினேழு ஊர்வலத்தில் குழுவின் பதாகையைத் தூக்கிக்கொண்டு பாடுகிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் நடக்கும் வேலையை, தூக்கி வந்த பெண்ணுக்குத் தோள்வலி வந்ததால், ஜனவரியில் குழுத் தலைவி ஹெர்டிஸ் இவளிடம் ஒப்படைத்திருந்தாள். டாக்னி "சரி, வேற ஆள் இல்லைன்னா தூக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொள்வது அந்த ஊரில் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்து துடைப்பக் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தது அவள் கணவன் ஆர்ன்ட்டுக்கு மட்டும் தெரியும்.

புற்றை வெட்டி எடுத்த விஷயமும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். சலூன் நாற்காலியில் உட்காருகிறவர்கள் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். மருமகள் சண்டை, மாதவிடாய் நின்றது, வங்கிக்காரன் சொன்னது. கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அது கூச்சமா, கர்வமா என்று அவளே பலமுறை யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

முதல் தொப்பியை ஆர்ன்ட் செடிகள் விற்கும் கடையில் வாங்கி வந்தான். கித்தான் துணி, காளான் வடிவம். அதைப் போட்டுக்கொண்டு சலூனுக்கு நடந்து போய், கழற்றி, கண்ணாடியில் பார்த்தாள். உச்சியில் முடி ஒட்டிப்போய், நெற்றியைச் சுற்றி வளையம் விழுந்து, நுனிகள் மட்டும் வெளிப்பக்கம் வளைந்து நின்றன. கவிழ்த்த கிண்ணத்துக்குப் பாவாடை கட்டிவிட்டது போல.

மீன்கடை டோர்மோட் மறுநாளே ஆரம்பித்தான். "என்ன டாக்னி, இவ்வளவு பெரிய வெயில் தொப்பி! பிரான்ஸுக்குக் குடி போயிட்டியா?"

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஆனால் ஏப்ரலில் ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக அவள் தலையையே பார்த்துவிட்டு, "ஆமா, உனக்கு யாரு முடி வெட்டறாங்க?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுத் தன் தலையையே ஒரு வாடிக்கையாளரின் தலையாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

மூன்று வாரத்தில் பல விஷயங்கள் தெரிந்தன. டிரையரின் சூடு ஆறுவதற்குள் தொப்பி போட்டால் முடி அப்படியே அழுந்தி உறைந்துவிடுகிறது. கால் மணி ஆறவிட்டால் பாதித் தொல்லை இல்லை. தொப்பி அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். உள்பட்டைக்குப் பழைய கோட்டு உள்துணியிலிருந்து வழவழப்பான துண்டு வெட்டித் தைத்தால் முடி சிக்குவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது வகிடு. தொப்பிக்குள் இருக்கும்வரை வழக்கம்போல இடது பக்கம். கழற்றியதும் குனிந்து, வேரில் விரல் விட்டு உதறி, வலது பக்கமாகப் புரட்டிப் போட்டால், இத்தனை வருடம் ஒரே திசையில் படுத்திருந்த முடி எழுந்து நிற்கிறது. முடி முளைக்காத ஒரு விரல் நீளத் தழும்பும் மறைந்துவிடுகிறது.

காளானைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்து நகரத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினாள். அகல விளிம்பு, தேன் நிறம், வெள்ளை ரிப்பன். இரண்டு விரல் அளவு சாய்த்து வைத்துக்கொண்டு ஆர்ன்ட் முன்னால் நின்றாள்.

"கப்பல் முதலாளி பொண்டாட்டி மாதிரி இருக்க," என்றான்.

"என் புருஷன் என்ஜின் ரிப்பேர் பண்றவன்."

"அதான் பயமா இருக்கு."

ஆனால் மே பதினேழுக்கு அந்தத் தொப்பியால் பயனில்லை. அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் புனாட் உடுத்துவார்கள், அந்தந்தப் பகுதிக்கென்று தைத்த கனத்த கம்பளி உடை, வெள்ளிப் பொத்தான்களோடு. புனாட் போட்டால் கறுப்புக் கண்ணாடி கூடாது, குடை கூடாது, வெயில் தொப்பி கூடவே கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் போர்கில்ட் ஓனொன்சன் இருந்தார். எழுபத்தாறு வயது, தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் பாதிப் புனாட் அவர் கைபட்டது. ஒவ்வொரு வருடமும் மருந்துக்கடை மூலையில் நின்று ஊர்வலத்தைப் பார்ப்பார். தவறான காலணி போட்டவர்கள் அந்த மூலையைக் கூட்டத்துக்குள் புகுந்து கடப்பார்கள்.

வானிலை அறிக்கை, மேகம் ஒன்றுகூட இல்லை என்றது. 'வேறு யாரையாவது தூக்கச் சொல்' என்று முதல் நாள் ஹெர்டிஸுக்கு ஃபோனில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள் டாக்னி.

மே பதினேழு காலை ஐந்து மணிக்கே டாக்னி புனாட்டின்மேல் சலூன் அங்கியை மாட்டிக்கொண்டு கடையைத் திறந்துவிட்டாள். ஆறரைக்கு போர்கில்ட் வந்தார். கொக்கியில் தொப்பியைப் பார்த்தார்.

"அது இன்னைக்கு இங்கயே தொங்கட்டும்."

"தொங்கிட்டுத்தான இருக்கு."

"இப்பத் தொங்குது. நான் பத்து மணி ஊர்வலத்தைச் சொல்றேன்."

டாக்னி கர்லரில் அவர் முடியைச் சுருட்டத் தொடங்கினாள். பாதி முடியும்போது ஹெர்டிஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஒன்பதே முக்காலுக்கு பள்ளிக்கூட வாசல்ல நில்லு. பதாகைக் கம்பைச் செருகற தோல்பட்டையை நான் கொண்டாந்துடறேன். காத்து கொஞ்சம் இருக்கும், ரெண்டு கையாலயும் பிடி."

"ஹெர்டிஸ், வேற யாரையாவது தூக்கச் சொல்லேன்."

"என்னடி விளையாடற? மணி ஏழு."

"என்னால முடியாது."

"ஜனவரியில முடிஞ்சது, இப்ப என்ன?"

டாக்னி சூடான கர்லரைப் போர்கில்டின் காதோரத்திலேயே பிடித்து நின்றுவிட்டாள்.

"என் காது," என்றார் போர்கில்ட்.

கர்லரை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு பேரையும் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "மார்ச்சுல தலையில ஒண்ணு வெட்டி எடுத்தாங்க. புற்று. போயிடுச்சு. ஆனா வெயில் படக் கூடாது, தொப்பி இல்லாம ரெண்டு மணி நேரம் வெயில்ல நடக்க முடியாது. தொப்பியோட நடந்தா எல்லாரும் பாட்டை விட்டுட்டு என் தலையப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

ஹெர்டிஸ் கிட்டே வந்தாள். "மார்ச்சுலயா? அதுக்கப்புறம் எட்டு ஒத்திகை. நான் உனக்கு முன்னாடிதான நிக்கறேன்."

"பாடறதுக்கு மண்டை வேணாமே."

"போடி," என்றாள் ஹெர்டிஸ். காபி போடுவதாகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

போர்கில்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "குனி. காட்டு."

டாக்னி குனிந்தாள். கிழவியின் உலர்ந்த விரல்கள் முடியை விலக்கின.

"எத்தனை தையல்?"

"ஏழு."

"யாரு போட்டது? கடைசி ரெண்டும் கோணல்."

டாக்னிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் அந்த இடத்தைப் பற்றி அவளைச் சிரிக்க வைத்த முதல் பேச்சு அதுதான்.

"புனாட் மேல வைக்கோல் தொப்பி தப்பு," என்றார் போர்கில்ட். "இன்னைக்கும் தப்பு, அடுத்த வருஷமும் தப்பு. யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்." கொக்கியில் இருந்த தொப்பியை மறுபடி பார்த்தார். பிறகு, "அந்த ரிப்பன் என்ன துணி?"

"தெரியல. கடையில இருந்து அப்படியே வந்தது."

"எடு." விரலால் தேய்த்துப் பார்த்தார். "நைலான்."

டாக்டர்கூடப் புற்று என்பதை அவ்வளவு கடுமையான குரலில் சொல்லவில்லை. போர்கில்ட் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். டாக்னி பாய்ந்து பிடித்தாள்.

"அது முடி வெட்டறது. துணியில வெச்சீங்கன்னா அது செத்துச்சு. என்கிட்ட வேற இருக்கு."

"அப்ப அதைக் கொடு. என் முடி பாதியில நிக்குது, நீ உன் வேலையப் பாரு."

புனாட் நாளில் யாருடைய பொத்தானாவது அறுந்தால் தைப்பதற்காக அவர் பையில் ஊசியும் நூலும் துண்டுத் துணிகளும் எப்போதும் இருக்கும். அதிலிருந்து கரும்பச்சை நிறத்தில் நெய்த கம்பளிப் பட்டை ஒன்றை எடுத்தார். தலையை அசைக்காமல், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, நைலானைப் பிரித்துப் பட்டையைச் சுற்றித் தைத்தார். இரண்டு முனைகளைத் தாடைக்குக் கீழே கட்டும்படி நீளமாக விட்டார். மேலே சுருள் ஏறிக்கொண்டிருந்தது, கீழே ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ஹெர்டிஸ் கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது. நேரமே இல்லாமல் ஹெர்டிஸின் தலை அலங்காரம் ஒரு சாதாரணக் கொண்டையோடு முடிந்தது.

"சிரிப்பாங்க," என்றாள் டாக்னி.

"சிரிப்பாங்க. நானும் முகத்தைச் சுளிப்பேன். என்னைப் பாக்காத, நேராப் பாத்து நட."

"தூக்கறியா, மாட்டியா?" என்றாள் ஹெர்டிஸ். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

டாக்னி தொப்பியை வாங்கிப் போட்டுக் கட்டினாள். புனாட்டின் கனத்துக்கு முன்னால் அது ஒட்டாமல்தான் இருந்தது. அழகுதான், ஆனால் ஒட்டவில்லை. இரண்டு விரல் சாய்த்தாள். கொஞ்சம் ஒட்டியது.

"தூக்கறேன். எனக்கு ஆசை," என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு மேளக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களுக்கு அடுத்து பதாகையோடு டாக்னி. துறைமுகத் திருப்பத்தில் கடல்காற்று பதாகையைப் பாய் மாதிரி ஊதியது. இரண்டு கையும் கம்பில். தொப்பி பின்னால் இழுத்தது, பட்டை தாடையில் அறுத்தது, அறுந்து போகவில்லை. கூட்டத்தில் குசுகுசுப்பு ஓடியது அவளுக்குக் கேட்டது. மீன்கடைப் படியில் டோர்மோட் கையைக் குவித்துக் கத்தினான்.

"பிரான்ஸ்ல இருந்து எப்ப வந்த?"

டாக்னி நடையை நிறுத்தவில்லை. "மார்ச்சுல மண்டையில புற்று எடுத்தாங்க, டோர்மோட். அதான் தொப்பி."

அவன் கை மெல்லக் கீழே இறங்கி, பிறகு தன் வழுக்கைமேல் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் அவளைப் பார்த்து அல்ல. மருந்துக்கடை மூலையில் போர்கில்ட் சொன்னபடியே முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். டாக்னி நேராகப் பார்த்து நடந்தாள்.

சதுக்கத்தில் பாடி முடித்து, பதாகையை ஹெர்டிஸிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு மரத்தடி நிழலுக்கு வந்தபோது அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கட்டை அவிழ்த்தாள், தொப்பியைக் கழற்றினாள், குனிந்தாள், வேரில் விரல் விட்டு உதறி வலது பக்கம் புரட்டி நிமிர்ந்தாள். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"பின்னாடி படுத்திருக்கு," என்றாள் ஹெர்டிஸ்.

"இருக்கட்டும். முன்னாடி எழுந்துடுச்சில்ல?"

இரண்டு பேர் கிட்டே வந்து எப்படி என்று கேட்டார்கள். சொன்னாள், செய்தும் காட்டினாள். அவர்கள் போன பிறகும் ஒருத்தி நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், ஒரு கையில் குழந்தையின் கொடி.

"நீங்க ஊர்வலத்துல சொன்னதைக் கேட்டேன்," என்றாள் மெதுவாக. "எனக்கும் உச்சியில ஒண்ணு இருக்கு. ஒரு வருஷமா. இதுக்கெல்லாம் டாக்டர்ட்ட போறதான்னு..."

டாக்னி மரத்தடி பெஞ்சில் அவளை உட்கார வைத்தாள். பின்னால் நின்று முடியை இரண்டு கையாலும் பிரித்தாள். இத்தனை வருடமாக எத்தனை ஆயிரம் தலைகளை இப்படிப் பிரித்திருப்பாள். அத்தனை தலையிலும் முடியை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

சின்னப் புள்ளிதான். ஒரு ஓரம் மட்டும் கறுத்து, கரை ஒழுங்கில்லாமல் இருந்தது.

"எனக்குத் தெரியாது. நான் முடி வெட்டறவ," என்றாள். "ஆனா தெரிஞ்சவங்க பாக்கணும். நாளைக்கு எட்டு மணிக்கு ஃபோன் பண்ணி நேரம் வாங்கு. எட்டரைக்கு நான் உனக்கு ஃபோன் பண்ணுவேன். தனியாப் போக பயமா இருந்தா கடையை ஒரு மணி நேரம் மூடிட்டு நானும் வரேன்."

அந்தப் பெண் தலையாட்டினாள். டாக்னி பிரித்த முடியை உடனே விட்டுவிடவில்லை. வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கி அங்கங்கே விழுந்துகொண்டிருந்தது. அந்த வகிட்டின்மேல் விழாதபடி கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்டாள்.