ஜெபம் முடிவதற்குள் விக்கைக் கழற்றினேன்

முப்பத்தாறு வயதில் ஐந்தாவது வரனும் தட்டிப்போனால் மனசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சகோதர சகோதரிகளே. காரணம் ஒன்றுதான். என் தலையில் முடி இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து முடிக்காக ஜெபித்தேன். ஆறு மாதம். உடம்பு இளைத்ததே தவிர ஒன்றும் முளைக்கவில்லை. தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருக்கிற ஆண்டவருக்கு என் விஷயத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போல என்று அழுதிருக்கிறேன்.

போன ஜூன் மாதம் அடையாறிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் ஜெமிமா, நர்ஸ். என் அக்கா எஸ்தர் பாண்டி பஜாருக்குப் போய் ஒரு விக் வாங்கி வந்தாள். அதை மாட்டித்தான் போட்டோவே எடுத்து அனுப்பினோம். "கல்யாணம் முடியட்டும்டா, அப்புறமா சொல்லிக்கலாம்" என்றாள். அக்கா மேல் பழி போட மாட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஞாயிறு சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் போனோம். புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி, விக்கை ஒட்டியிருந்த டேப் விட்டுப்போனது எனக்குத் தெரியாது. பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற தபால்காரர். ஜெபம் பண்ணிவிட்டுப் பேசலாம் என்றார். எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்தோம். நான் குனிந்ததும் விக் வழுக்கி வந்து புருவத்தில் நின்றது.

யாரும் பார்க்கவில்லை. ஒரு விரலால் மேலே தள்ளினால் போதும். அவர் நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். நேரமும் தாராளமாக இருந்தது. விரல்கூட நெற்றி வரை போய்விட்டது. "ஆண்டவரே, நான் என்ன செய்யட்டும்?" என்று உள்ளுக்குள் கேட்டேன். சரியாக அந்த நிமிஷம் பெண்ணின் அப்பா, ஒளிவுமறைவில்லாத ஒரு மருமகனைத் தரும்படி உருகிக்கொண்டிருந்தார். ஆண்டவர் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேசுவார்? கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தலையில் ஃபேன் காற்று பட்டது. அழுகை வந்தது.

ஆமென் என்றதும் எல்லாரும் கண் திறந்தார்கள். அக்கா மட்டும் மறுபடி மூடிக்கொண்டாள்.

"இது என் முடி இல்லீங்க. போட்டோல இருந்ததும் இல்ல. மன்னிச்சிடுங்க" என்று எழுந்தேன். மடியிலிருந்தது தரையில் விழ, பெண்ணின் அம்மா பூனைக்குட்டி என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார்.

ஜெமிமாதான் பேசினாள். "உக்காருங்க. நான் கண்ண மூடவே இல்ல. அது சரிஞ்சதுலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். மேல தள்ளி விட்டிருந்தீங்கன்னா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

நான் கேட்டது முடி. ஆண்டவர் கொடுத்தது தைரியம். ஜனவரியில் கல்யாணம் நடந்தது. போதகர் எங்களுக்காக ஜெபித்தபோதும் அவள் கண் திறந்துதான் இருந்தது.

தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் எந்த ஃபிரேமைப் போட்டுக் காட்டினாலும் பிரமாதம் என்பேன். இப்போது பொருந்தாவிட்டால் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் முதலாளி முறைத்தார். இப்போது சிலர் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள்.

உங்களுக்கும் ஏதோ ஒன்றை மறைத்தே ஆக வேண்டிய நிமிஷம் வரும். அப்போது ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் கைவிட மாட்டார். கொஞ்சம் வெட்கப்பட வைப்பார், அவ்வளவுதான். அதற்கும் சேர்த்தே அவருக்கு நன்றி சொல்கிறேன்.